வன்னியில் ஒரு வீடு கட்டி முடிய உண்மையில் எவ்வளவு காலம் தேவை?

வாணி_விசுவமடு

அனைவருக்கும் வணக்கம். விசுவமடுவில் அப்பா விட்டுச் சென்ற அரை ஏக்கர் காணியில் வீடு கட்டத் தொடங்கவிருக்கிறோம். மூன்று அறை, ஒரு மண்டபம், குசினி, முன் விறாந்தை என ஏறத்தாழ 900 சதுர அடி வரும். கூரை ஓடு. சென்ற கிழமை வந்து பார்த்த மேசன், நான்கு மாதத்தில் திறப்பைக் கையில் தருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலையே வேலிக்கு அப்பால் நின்ற பக்கத்து வீட்டு மாமி, தாம் 2013 இல் அத்திவாரம் வெட்டிய வீட்டுக்கு இன்னமும் பின்கதவு போடவில்லை என்றார்.

அம்மாவுக்கு 74 வயதாகிறது. மீளக்குடியமர்ந்த நாள் முதல் தகரக் கொட்டிலிலும், பின்னர் அதன் பக்கத்தில் எழுப்பிய ஓரறையிலும் காலத்தைக் கழித்துவிட்டார். அவரிடம் நம்பிச் சொல்லக்கூடிய ஒரு மாதம் எனக்கு வேண்டும். இப்போது புரட்டாதி. எப்போது தொடங்கினால் எப்போது குடிபுகலாம் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

அளவுநாடா

தங்கச்சி, மேசனும் பொய் சொல்லவில்லை, மாமியும் பொய் சொல்லவில்லை. மேசன் வேலை நடக்கும் நாள்களை எண்ணியிருக்கிறார். மாமி வேலை நின்ற நாள்களையும் சேர்த்து எண்ணியிருக்கிறார். தொழில்நுட்ப உத்தியோகத்தராகப் பல ஆண்டுகள் வேலைத்தளங்களில் நின்றவன் என்ற வகையில் இரண்டு கணக்கையும் உங்களுக்குப் பிரித்துக் காட்டுகிறேன்.

முதலில் சுவரை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்லும் வீட்டுக்கு வெளிச்சுவரும் உட்சுவரும் சேர்ந்து ஏறத்தாழ 190 அடி நீளம் வரலாம். வாசல், யன்னல் இடைவெளிகளைக் கழித்தால் 1,600 சதுர அடி அளவில் சுவர். பதினாறுக்கு எட்டு அங்குல முகமுள்ள சீமெந்துக் கல் 1,800 போதும். ஒரு மேசனும் ஒரு கையுதவியாளும் ஒரு நாளில் நூறு கல் வைக்க முடியும். இரண்டு மேசன் நின்றால் ஒன்பது நாள் வேலை. ஒரே நாளில் நாலைந்து அடிக்கு மேல் சுவரை உயர்த்தக் கூடாது என்பதையும், வாசல், யன்னல்களுக்கு மேலே வரும் லிண்டல் கொங்கிறீற் போட்ட பின் விட வேண்டிய நாள்களையும் சேர்த்தாலும் மூன்று கிழமைக்குள் சுவர் எழுந்து நிற்கும். வீதியால் போகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, வீடு பாதி முடிந்துவிட்டது என்பார்கள். காலக் கணக்கில் அது கால்வாசியும் இல்லை.

பூச்சைப் பாருங்கள். அதே சுவருக்கு உள்ளும் புறமுமாக 3,200 சதுர அடி பூச வேண்டும். யன்னல் விளிம்பும் மூலையும் நூல் பிடித்துப் பூசும்போது வேலை மெதுவாகவே நகரும். கட்டியதைவிடப் பூசுவதற்குக் கூடிய நாள் போகும் என்பதை வீடு கட்டுபவர்களில் பலர் பூச்சு வேலை தொடங்கிய பிறகுதான் அறிகிறார்கள். நிலம் போடுவது, கதவு யன்னல் பொருத்துவது, மின்னிணைப்பு, குழாய், மலசலகூடக் குழி எல்லாம் அதற்குப் பின்னர்.

அத்திவாரத்துக்கு மூன்று கிழமை, சுவருக்கு மூன்று, கூரைக்கு நான்கு, பூச்சுக்கு நான்கு அல்லது ஐந்து, மிச்ச வேலைக்கு ஆறு என்று வைத்தால் ஐந்து மாதம் ஆகிறது. பணம், மணல், தண்ணீர், ஆள் நான்கும் ஒரு நாளும் தவறாமல் கிடைத்தால் மட்டுமே இந்த ஐந்து மாதம். மேசன் சொன்ன நான்கு மாதத்தில், சீமெந்துக்கு விடவேண்டிய நாள்களை எங்கோ குறைத்திருக்கிறார். சீமெந்து காய்வதால் இறுகுவதில்லை, தண்ணீரோடு சேர்ந்தே இறுகுகிறது. குறைந்தது ஏழு நாள் ஈரம் குறையாமல் வைத்திருந்தால்தான் அது தன் பலத்தில் மூன்றில் இரண்டு பங்கை எட்டும். முழுப் பலத்தை 28 ஆம் நாளில் வைத்தே அளப்பார்கள். நமது வெயிலில் ஏழு நாளைப் பத்தாக்கினால் இன்னும் நல்லது.

மல்லாவியான்

அளவுநாடா ஐயா சொன்ன இரண்டாவது கணக்குக்கு என் வீடே சான்று. இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டத்தில் எங்களுக்கு 550,000 ரூபாய் ஒதுக்கினார்கள். 2012 ஒக்டோபர் 2 ஆம் திகதி தொடங்கிய கட்டத்தில் வடக்கு, கிழக்கில் பயனாளிகளே நின்று கட்டிக்கொள்ளும் முறையில் வந்த வீடுகளில் எங்களதும் ஒன்று. ஒவ்வொரு கட்டமும் முடிந்ததைப் பார்த்த பின்னரே அடுத்த பணம் வங்கிக்கு வரும். அந்த முறையை நான் இன்றும் நல்லது என்றே சொல்வேன். நமது வீட்டை நாமே நின்று கட்டினோம்.

தவறு எங்கள் பக்கத்தில் நடந்தது. திட்டத்தின் அளவு 550 சதுர அடி. இரண்டு பெண் பிள்ளைகள் வளர்கிறார்களே என்று எண்ணி, 800 அடிக்கு அத்திவாரம் வெட்டினோம். அத்திவாரத்தைப் பெருப்பித்தால் சுவரும், கூரையும், பூச்சும், நிலமும் சேர்ந்தே பெருகும் என்பதை அந்த நேரம் யோசிக்கவில்லை. மனைவியின் சங்கிலி அடகுக்குப் போனது. கூரை போட்டு முடிந்த அன்று கையில் ஒன்றும் இல்லை. ஆனாலும் குடிபுகுந்தோம், ஏனென்றால் மழை தொடங்கிவிட்டது.

யன்னல் இடைவெளிகளை யூரியாப் பையை விரித்துத் தைத்து மூடினோம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அந்தப் பை இரவெல்லாம் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். மூத்தவள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்தது அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான். உட்பூச்சு 2017 இல், நிலம் 2019 இல். வெளிப்பூச்சுக்குச் சேர்த்த பணம் 2022 இல் சீமெந்து விலை ஒரே வருடத்தில் இரு மடங்குக்கு மேல் ஏறியபோது பாதி வேலைக்கும் போதாமல் போனது. தெற்குச் சுவர் இன்றும் பூசாமல்தான் நிற்கிறது. தங்கச்சி, படத்தில் உள்ள 900 அடிக்கு முழுப் பணம் இல்லையென்றால் ஓர் அறையைப் பின்னுக்கு வையுங்கள். பின்னர் நீட்டிச் சேர்க்கக்கூடிய விதமாக அந்தப் பக்கத்து அத்திவார முனையை விட்டுவைக்கலாம்.

ரொறன்ரோ_சிவம்

எல்லோருக்கும் வணக்கம். இங்கே என் மகனின் வீடு எட்டு மாதத்தில் முடிந்தது. ஆனால் இங்கு பெரும்பாலும் மரச்சட்ட வீடுகள், சுவர்ப்பலகைகளை வெட்டிப் பொருத்துவார்கள். ஆகவே அதையும் இதையும் ஒப்பிட நான் வரவில்லை. பரந்தனில் தம்பிக்கு வீடு கட்டக் காசு அனுப்புகிறேன். பிள்ளைகளுக்கு விடுமுறை கிடைக்கும் ஓகஸ்ட் மாதத்தில் குடிபூரலுக்கு வர வேண்டும் என்று பயணச்சீட்டும் எடுத்துவிட்டோம். மேல்தட்டுக்கு, நீங்கள் பிளாற் என்று சொல்வதற்கு, யூலை நடுப்பகுதியில்தான் கொங்கிறீற் போட முடியும் என்கிறார்கள். ஆள்களைக் கூட்டினால் இதைத் துரிதப்படுத்த முடியாதா?

அளவுநாடா

ஆளைக் கூட்டினால் கம்பி கட்டுவதையும் பலகை அடிப்பதையும் துரிதப்படுத்தலாம். கொங்கிறீற் ஊற்றிய பிறகு உள்ள நாள்களை எத்தனை ஆள் வந்தாலும் குறைக்க முடியாது. தட்டைத் தாங்கும் முட்டுக்கால்களை இரண்டு கிழமைக்கு முன் எவர் சொன்னாலும் எடுக்க விடாதீர்கள். அகலமான இடமாக இருந்தால் மூன்று கிழமை விடுங்கள். அவசரப்பட்டு எடுத்த தட்டு அன்றைக்கே விழாது. இரண்டொரு ஆண்டில் நடுவில் தொய்ந்து, மாரியில் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கி, கம்பி துருப்பிடிக்கத் தொடங்கும். அப்போது நீங்கள் அங்கே இருப்பீர்கள், கீழே படுத்திருப்பது உங்கள் தம்பியின் பிள்ளைகள். பயணச்சீட்டை மாற்ற முடியாவிட்டால், தட்டு இல்லாத பகுதியில் பால் காய்ச்சிக்கொள்ளுங்கள் அண்ணா.

கரண்டியும்_மட்டமும்

நான் மேசன் வேலை செய்கிறவன். முப்பது வருடத் தொழில். மேசன்மார் வேலையை நடுவில் விட்டுவிட்டு ஓடுகிறார்கள் என்ற பேச்சை எல்லா இடமும் கேட்கிறேன், அதனால் எங்கள் பக்கத்தையும் எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

காலை ஏழரைக்கு நாங்கள் வேலைத்தளத்துக்கு வந்து நிற்போம். மணல் வந்திருக்காது. மணலுக்கு அனுமதிப்பத்திரம் எடுத்த டிப்பர் நாளைக்கு வரும் என்பார்கள். மறுநாள் மணல் வரும், சீமெந்து இருக்காது. மூன்றாம் நாள் எங்கள் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும், ஆகவே வேறு இடத்தில் இரண்டு நாள் வேலை கேட்டால் போய்விடுவோம். அங்கே அந்த இரண்டு நாள் பத்து நாளாகும். ஓடிவிட்டார் என்று வீட்டுக்காரர் சொல்வதில் பெரும்பகுதி இப்படித் தொடங்குவதுதான். வேண்டுமென்றே முற்பணத்தை வாங்கிக்கொண்டு போகிறவர்களும் எங்களில் இருக்கிறார்கள், அதை நான் மறைக்கவில்லை.

இன்னொன்று. தை பிற்பகுதியிலிருந்து பங்குனி வரை காலபோக நெல் அறுவடை. என்னோடு நிற்கும் இரண்டு பேருக்கும் இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் இருக்கிறது. வெட்டு இயந்திரம் வந்தாலும் நெல்லைக் காயவைத்து மூடை கட்டி ஏற்றும் வரை அவர்கள் வர மாட்டார்கள், வரச் சொல்லிக் கேட்பதும் நியாயமில்லை. அந்த நாள்களில் அரைவாசி ஆள்தான் கிடைக்கும் என்று எழுதிவைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

சீமெந்துக் கல்லை மட்டும் முன்கூட்டியே அரிந்து, அதாவது அச்சில் வார்த்து, வையுங்கள். நேற்று அரிந்த கல்லை இன்று ஏற்றிவரும் இடங்களை நான் கண்டிருக்கிறேன். கையில் தூக்கும்போதே மூலை உதிரும். ஒரு மூடை சீமெந்துக்கு எத்தனை கல் அரிந்தார்கள் என்று கேளுங்கள், முடிந்தால் உங்கள் வளவிலேயே அரியச் சொல்லுங்கள். இரண்டு கிழமை நிழலில் தண்ணீர் விட்டு அடுக்கிவைத்த கல்லை இடுப்பளவிலிருந்து போட்டால் உடையக் கூடாது. புதுக்குடியிருப்புப் பக்கமாக அத்திவாரம் வெட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. மண்வெட்டியில் இரும்பு போல ஏதாவது தட்டினால் கிளறிப் பார்க்காதீர்கள், போர்க்காலத்து வெடிபொருளாக இருக்கலாம். வேலையை நிறுத்திப் பொலிசுக்கு அறிவியுங்கள். நான் நின்ற ஒரு வளவில் அதனால் பத்து நாள் வேலை நின்றது. அந்தப் பத்து நாளைப் பற்றி எவரும் முணுமுணுக்கவில்லை.

முருங்கன்_வாசகன்

மண்ணைப் பற்றி இன்னும் ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்துக் கரிய களிமண் மாரியில் ஊதும், கோடையில் கைபோகும் அளவுக்கு வெடிக்கும். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை இயங்கிய காலத்தில் சீமெந்து செய்ய இந்தக் களிமண்ணையே அள்ளிச் சென்றார்கள். சீமெந்துக்கு உதவிய மண், வீட்டைத் தாங்குவதில் பொல்லாதது. நாங்கள் அவசரத்தில் இரண்டடி ஆழத்தில் அத்திவாரம் போட்டோம், முதல் மாரி முடிந்ததும் யன்னல் மூலையிலிருந்து கூரை வரை சரிவாக வெடிப்பு விழுந்தது. அந்த வெடிப்பைத் திருத்திய நாள்களையும் வீடு கட்டிய நாள்களோடு சேர்த்துத்தான் எண்ணுகிறேன். விசுவமடுவில் இந்த மண் இல்லாவிட்டாலும், ஒரு குழி வெட்டி அடி மண்ணைப் பார்த்துவிட்டு ஆழத்தைத் தீர்மானியுங்கள்.

பூநகரியாள்

எங்கள் ஊரில் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உவர். கலவைக்கு அந்தத் தண்ணீரையே விட்டுவிட்டால் வேலை ஒரு நாளும் தாமதமாகாது. ஆனால் கம்பி உள்ளே துருப்பிடித்து வீங்கி, சில வருடங்களில் கொங்கிறீற்றை உடைத்துக்கொண்டு வெளியே வரும். நல்ல தண்ணீரைப் பௌசரில் இறக்குவித்தோம். அது வரும் நாளில்தான் கொங்கிறீற் வேலை. இரண்டு மாதம் கூடியது, அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

முள்ளியவளை_ஆசிரியர்

இந்த விவாதத்தில் எல்லோரும் கல்வீட்டை வைத்தே பேசுகிறோம். எங்கள் பாட்டனார் காலத்து வன்னி வீடு மண்வீடுதான். களிமண்ணைக் குழைத்து ஒன்றரை அடி உயரத்துக்கு ஒரு வரி வைப்பார்கள், அது காயும் வரை விட்டுவிட்டு அடுத்த வரி. காட்டுத் தடிகளை நட்டு, மேலே கிடுகோ வைக்கோலோ வேய்ந்து, சாணத்தால் மெழுகி, ஒரு மாதத்துக்குள் குடியிருக்கத் தொடங்கிவிடுவார்கள். அயலவர்கள் கூலி வாங்குவதில்லை, சோறு போட்டால் போதும். ஆனால் வருடந்தோறும் மாரிக்கு முன் கூரையைத் திரும்பவும் வேய வேண்டும், அடி கரைந்த சுவருக்கு மண் அணைக்க வேண்டும். அந்த வீட்டை ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொண்டே இருந்தார்கள் என்பதுதான் உண்மை.

விரைவை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு, 2016 அளவில் பெரிதாகப் பேசப்பட்ட 65,000 இரும்புப் பொருத்து வீட்டுத் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். கல்வீட்டைவிட மிக விரைவாக நிறுத்தலாம் என்றார்கள். நமது வெயிலுக்கு அது ஏற்குமா, பிள்ளைகள் வளர்ந்தபின் ஓர் அறையைச் சேர்க்க முடியுமா, அந்த விலைக்கு ஊர் மேசன்மாரைக் கொண்டு எத்தனை கல்வீடு கட்டலாம் என்று கேள்விகள் எழுந்தன, திட்டம் நின்றுபோனது. வீட்டுக்காக வருடக்கணக்கில் காத்திருந்த சனங்களே அந்தக் கேள்விகளையும் கேட்டார்கள் என்பதை நான் பெருமையாக நினைக்கிறேன்.

வாணி, காணிப் பத்திரம் எந்த வகை என்பதையும் பாருங்கள். குடியேற்றத் திட்டக் காணிகளில் பல இன்னமும் அனுமதிப்பத்திரத்தில்தான் இருக்கின்றன. உரித்து உங்கள் அப்பாவின் பெயரிலேயே நின்றால், வங்கிக் கடனை நம்பித் தொடங்குவதற்கு முன் பெயர்மாற்றத்துக்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பியுங்கள். அத்திவாரம் வெட்டிய பிறகு அந்தக் கோப்புக்காகக் காத்திருப்பது மிகவும் கொடுமை.

புதுக்குடியிருப்பு_அம்மா

பிள்ளை வாணி, நான் கணவர் இல்லாமல் இரண்டு பிள்ளைகளோடு நின்று வீடு கட்டினவள். முதலில் வந்தவருக்குக் கூரை வேலைக்கென்று முழுத் தொகையையும் ஒரே தடவையில் கொடுத்தேன். கைமரம் வாங்கப் போகிறேன் என்று சொல்லிப் போனவர் திரும்பி வரவில்லை. சுவர் கூரையில்லாமல் ஒரு மாரி முழுவதும் நனைந்தது. சுவரின் மேல் வரியில் புல் முளைத்திருந்ததை என் மகன் ஏறிப் பிடுங்கினான்.

அடுத்தவருக்கு நாற்பது பக்கக் கொப்பி ஒன்று வைத்தேன். இன்ன வேலை முடிந்தால் இவ்வளவு, திகதி, அவருடைய கையெழுத்து, என்னுடைய கையெழுத்து. அவர் கோபிக்கவில்லை. கணக்கு இருந்ததால் அவருக்கும் நிம்மதி என்றே சொன்னார். தண்ணீர் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். குளியலறைத் தட்டின் மேல் சாந்தால் சிறு வரம்பு கட்டி, வயலுக்குப் பாத்தி கட்டுவதைப் போலப் பிரித்து, விடிய ஐந்து மணிக்கும் பொழுதுபட்டும் குடத்தால் ஊற்றினேன். காலையில் ஊற்றிய தண்ணீர் பத்து மணிக்கெல்லாம் வற்றிவிடும். பழைய சாக்குகளை விரித்த பிறகுதான் மத்தியானம் வரை ஈரம் நின்றது. பதினான்கு நாள் செய்தேன். அந்தத் தட்டில் இன்று வரை ஒரு கசிவு இல்லை.

அளவுநாடா

அம்மாவின் சாக்கு முறையை எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பக்கத்தில் அதைவிடச் சிறந்த முறை இல்லை.

வாணி, எல்லோரும் சொன்னதை வைத்து மாதக் கணக்குப் போடுகிறேன். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை மழை, அந்த நாள்களில் அத்திவாரக் கிடங்கு குளமாகும். தை, மாசியில் ஆள் குறைவு. ஆவணி, புரட்டாதியில் உங்கள் பக்கத்துக் கிணறுகள் அடி தெரிய வற்றும், பூச்சுக்குத் தண்ணீர் காணாது. இந்த மூன்றுக்கும் நடுவில் கிடைக்கும் இடைவெளியில் தண்ணீர் தேவைப்படும் வேலையை முடித்துவிட வேண்டும்.

ஆகவே இந்த மழைக் காலத்தைக் கடதாசி வேலைக்கும் மரத்துக்கும் வையுங்கள். பிரதேச சபைக்கு வரைபடத்தைக் கொடுங்கள். கூரைக்கான வளையும் பனங்கைமரமும் சிலாகையும் இப்போதே வாங்கி, நிலத்தில் படாமல் அடுக்கி, மேலே மூடிக் காயவிடுங்கள். வைரம் பாயாத மரத்தைத் தலையில் கட்டிவிடுவார்கள், வெட்டு முகத்தில் கறுப்பு நார் நெருங்கி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மார்கழியிலும் பங்குனியிலும் வாஸ்து நாள் இல்லை, ஆகவே நாள்கல்லை, அதாவது அத்திவாரத்தின் முதற்கல்லை, தையில் வையுங்கள். மாசியில் இருக்கும் ஆளோடு அத்திவாரம், பங்குனியிலும் சித்திரையிலும் சுவர், வைகாசியில் கூரை. ஆனி, ஆடியில் பூச்சும் நிலமும், கிணற்றில் தண்ணீர் இருக்கும்போதே. கதவு, மின்சாரம், நிறம் ஆவணியில். நாள்கல்லிலிருந்து எட்டு மாதம். அதற்கு மேல் உங்கள் மனத்துக்குள் நான்கு மாதத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள், அம்மாவிடம் சொல்லும் மாதம் அதுவாக இருக்கட்டும்.

வாணி_விசுவமடு

எல்லோருக்கும் மிக்க நன்றி. நேற்றுக் கிராம அலுவலரிடம் போனேன். பெயர்மாற்றத்துக்குத் தேவையான பத்திரங்களின் பட்டியலைத் தந்தார், அப்பாவின் மரண அத்தாட்சிப் பத்திரம் மட்டும் இன்னும் எடுக்க வேண்டியிருக்கிறது. மல்லாவி அண்ணா சொன்னபடி மூன்றாவது அறையைப் பின்னுக்கு வைத்து, 720 சதுர அடிக்கு வரைபடத்தைத் திருத்தச் சொல்லியிருக்கிறேன். மேசனிடம் கொப்பி வைப்பது பற்றிப் பேசினேன், சம்மதித்தார். நான்கு மாதம் என்று சொன்னதைப் பற்றிக் கேட்டபோது, மணலும் சீமெந்தும் முன்னால் நின்றால் என்று தாம் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும் என்றார்.

அம்மாவிடம் அடுத்த ஆண்டு ஆவணியைச் சொல்லவில்லை, அதற்குப் பின்வரும் தை மாதத்தைச் சொன்னேன். ஒரு பொங்கல் இந்தக் கொட்டில் வாசலில், அடுத்த பொங்கல் புது முற்றத்தில் என்று விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். காலத்தைப் பற்றி வேறொன்றும் கேட்கவில்லை. குசினி யன்னலால் பார்த்தால் கிணறு தெரியுமா என்றுதான் கேட்டார். படத்தில் தெரியாது. யன்னலை மேற்குச் சுவருக்கு மாற்றினால் தெரியும்.

அளவுநாடா

மாற்றுங்கள், நாள்கல் வைக்குமுன் மாற்றினால் செலவில்லை. மேற்குச் சுவர் என்பதால் பின்னேர வெயிலும் கச்சான் புழுதியும் நேரே அடுப்புக்கு வரும். யன்னலுக்கு மேல் லிண்டலோடு சேர்த்து இரண்டடி நீட்டித் தட்டு வைக்கச் சொல்லுங்கள், யன்னல் நிலையின் அடியை மூன்றரை அடி உயரத்தில் வைத்தால் அம்மா அடுப்படியில் நின்றபடியே கிணற்றைப் பார்க்கலாம்.